தையல்நாயகி வீட்டுப் பூவாடைக்காரி

வீட்டில் குழந்தையாகவோ கன்னியாகவோ இறந்துபோன பெண்தான் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரி என்பார்கள். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும், கல்யாணம் காதுகுத்து என்று வீட்டில் நல்லது எது வந்தாலும் அதற்கு முன்னாலும், அவளுக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டுப் படைத்து, வாசலைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் தையல்நாயகியின் வீட்டிலும் ஒரு பூவாடைக்காரி இருந்தாள். பேர் சின்னப்பாப்பா. அவளிடம் இருந்த ஒரே சங்கடம், அவள் சாகவில்லை.

பிறந்து சில மாதத்திலேயே அந்தக் குழந்தைக்குப் பால் குடித்தால் உதடு நீலம் பாரிக்கும். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே நர்ஸாக இருந்த சகாயசெல்வி, தையல்நாயகியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இருதயத்துல ஓட்டைம்மா. அடுத்த மழை வரைக்கும் தாங்குறது கஷ்டம். அமெரிக்காவுல ஆபரேசன் பண்ணிக் காப்பாத்திடலாம்னு சொல்றாங்க. ஆனா தத்து எடுத்துக்கிறவங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் உன் புள்ளைன்னு நீ கேக்க முடியாது."

சரி என்று முதலில் சொன்னது தையல்நாயகிதான். இதை அவள் எந்தக் காலத்திலும் புருஷன் தலையில் போட்டதில்லை. புருஷன் ஆதிமூலத்துக்கு வேறு கவலை. பிள்ளையை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசுமே என்று பயந்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "செத்துப் போச்சுன்னு சொல்லிடலாம்" என்றான். குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஊர் அழுதது, அவர்களும் அழுதார்கள். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்த ஆடியில் மாமியார் கனவில் குழந்தை வந்து துணி கேட்டதாம். அன்றிலிருந்து சின்னப்பாப்பா சாமியாகிவிட்டாள். மாமியாரிடம் போய், "அது உயிரோடு இருக்கிறது, துணி அங்கேயே வாங்கிக் கொடுப்பார்கள்" என்று சொல்ல முடியுமா? தையல்நாயகி வாயை மூடிக்கொண்டு சமைத்தாள்.

ஆனால் ஒரு காரியத்தில் மட்டும் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. துணியை அவளே போய்த்தான் வாங்குவாள், வருஷத்துக்கு ஒரு அளவு பெரிதாக வாங்குவாள். குழந்தைச் சட்டை பாவாடையாகி, பாவாடை தாவணியாகி, கடைசியில் புடவைக்கே வந்து நின்றது. ஆதிமூலத்தின் தங்கை ஞானாம்பாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் அண்ணி, செத்தது கைக்குழந்தை. அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பாவாடை வாங்கியாந்திருக்கிற?"

"ஏன், சாமி வளராதா?" என்பாள் தையல்நாயகி.

கடைக்காரன் "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்பான் பாருங்கள், வருஷத்தில் அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் திண்டிவனம் வரை போனாள். வயதைச் சொல்வாள். உயரத்தைக் கையால் காட்டுவாள். "ஒல்லியா இருப்பா, இடுப்பு ரொம்ப வேணாம்" என்பாள். வளர்ந்து பார்த்திராத மகளைப் பற்றி வாய் கொள்ளாமல் பேசிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் இன்னொரு பயம் பிடித்துக்கொள்ளும். உயிரோடு இருக்கிறவளுக்குச் செத்தவர்களுக்குப் போடும் இலையைப் போடுகிறோமே, அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒவ்வொரு ஆடியிலும் அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய், "தாயே, இதெல்லாம் ஊருக்காகச் செய்யறது, நீ கணக்குல எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டு வருவாள்.

ஆதிமூலம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பின்னால் பிறந்த மகன் தேவநாதன் வளர்ந்து, வானூரில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்தான். கிளியனூரில் அவனுக்குப் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. அதற்கு முந்தைய மார்கழியில்தான் சுனாமி வந்து உப்பளத்துப் பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. வரப்புகளைத் திரும்பப் போட்டு, உப்பு எடுக்கத் தொடங்கவே மாதங்கள் ஆயின. ஊருக்குள் உதவிக் கார்கள் வருவதும் போவதுமாக இருந்ததால், ஆடிக் கடைசியில் ஒரு கார் அளத்து ஓரமாக வந்து நின்றபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கியது சகாயசெல்வி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தலை நரைத்து, மூட்டு வலியோடு நடந்து வந்தாள். பின்னால் பேன்ட் சட்டை போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி. நிறம் நம் நிறம், நடை மட்டும் இந்த ஊர் நடை இல்லை.

தையல்நாயகிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆதிமூலத்தின் நெற்றி அப்படியே நடந்து வருகிறது. தலையில் இருந்த கூடையை எங்கே இறக்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. எத்தனை வருஷமாக எத்தனை விதமாகப் பேச நினைத்து வைத்திருந்தாள்! கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"நெஞ்சு எப்படி இருக்குதுன்னு கேளு."

சகாயசெல்வி இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். நடுமார்பில் நீளமாக ஒரு தழும்பு. உப்பு ஒட்டிய விரலால் தையல்நாயகி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பம்பு செட் ஓரத்துக் கீற்றுக் கொட்டகையில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பெண்ணின் பெயர் வெரீனா. வளர்த்த தகப்பன் சாகக் கிடந்தபோது டீவியில் சுனாமியைக் காட்டினார்களாம். "அந்தக் கரையில்தான் நீ பிறந்தாய், உன்னைப் பெற்றவள் இருக்கிறாளா என்று போய்ப் பார்" என்று சொல்லி, பழைய நர்ஸின் பெயரையும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாராம். வெரீனா கைப்பையிலிருந்து படங்களை எடுத்தாள். தாடி வைத்த கிழவர்கள், தலையில் துணி கட்டிய கிழவிகள், பசு மாடுகள், பாலாடைக் கட்டி செய்யும் பெரிய செப்புக் கொப்பரை. ஒவ்வொருவர் பெயரையும் விரல் வைத்துச் சொன்னாள்.

"இவங்க பூர்வீகம் சுவிட்சர்லாந்தாம்" என்றாள் சகாயசெல்வி. "மலை ஊரு. பஞ்சம் வந்து, கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் பொழைக்க வந்தவங்க. நம்ம பக்கத்து ஆளுங்க பிரெஞ்சுக்காரன் காலத்துல வியட்நாம் சைகோனுக்குப் போகலையா, அந்த மாதிரி."

தையல்நாயகிக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன? யாரோ ஊர்பேர் தெரியாத தாடிக்காரனை, பாட்டனுக்குப் பாட்டன் என்று இவள் வாயாரச் சொல்கிறாள். சொந்தத் தகப்பன் ஆதிமூலத்தின் பெயரை இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். ஆதிமூலத்துக்கு ஒரு படம்கூட இல்லை. தையல்நாயகிக்கு அவளுடைய பாட்டிக்கு மேலே பெயர் தெரியாது. மகளுக்கு மூதாதையர் கூட்டமே கிடைத்திருக்கிறது, அதில் ஒருவரும் நம் ஆள் இல்லை என்று நினைத்தாள்.

"என்னெ ஏன் குடுத்தேன்னு கேக்க மாட்டாளா?" என்று சகாயசெல்வியிடம் மெல்லக் கேட்டாள்.

வெரீனா அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கிழவியின் படத்தை எடுத்து வைத்தாள். அந்தக் கிழவி பெயரும் வெரீனாதான், அவள் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்களாம். குடும்பத்தோடு கப்பல் ஏறத் துறைமுகத்துக்கு வந்தபோது அவளுடைய மூத்த பெண்ணுக்குக் கடும் ஜுரம். நோயாளியை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க முடியாது. வழியனுப்ப வந்த நாத்தனாரிடம் அந்தப் பெண்ணை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள். பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. சாகிற வரை கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு தட்டு வைப்பாளாம். அவள் போன பிறகும் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் காலித் தட்டு ஒன்று மேஜையில் இருந்திருக்கிறது.

"ஆபரேசன் முடிஞ்சி இவ அந்த வீட்டுக்குப் போன மொத வருசம், அந்தத் தட்டு முன்னாலதான் இவளை உக்கார வெச்சாங்களாம்" என்றாள் சகாயசெல்வி. "அதனால, புள்ளைய விட்டுட்டு வந்தவ எப்படி இருப்பான்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்னு சொல்றா."

தையல்நாயகி அந்தக் கிழவியின் படத்தைக் கையில் எடுத்தாள். "அந்தம்மா திரும்பிப் போய்ப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டாள். சகாயசெல்வி அதை இங்கிலீஷில் சொன்னதும், இல்லை என்று வெரீனா தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கல்யாணத்துக்கு முன் செய்யும் படையல் அன்றுதான். சொந்தப் பங்காளிகளோடு, பெண்ணின் தகப்பனாரான கிளியனூர்ச் சம்பந்தியும் வருகிறார். தேவநாதனுக்கு அக்காள் உயிரோடு இருப்பதே தெரியாது. "கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் சுனாமி வேலைக்கு வந்தவங்கன்னு இருக்கட்டும்" என்று சகாயசெல்வியிடம் கெஞ்சினாள். வெரீனா சரி என்றாள். விருந்தாளியாக வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உள்ளே நடுவீட்டில் விளக்கேற்றி, புடவை வைத்து, தலைவாழை இலை போட்டாயிற்று. கொழுக்கட்டை, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. ஞானாம்பாள் வழக்கம்போல வாசற்படியில் நின்று, தெருவைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சின்னப்பாப்பா! வாம்மா! வந்து உக்காந்து சாப்பிடும்மா!"

வெரீனாவுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல்தான், முந்தாநாள் அளத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட தன் பெயர். இது என்ன சடங்கு, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்? வீட்டுப் பெரியவள் ஒருத்தி தன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டி உள்ளே அழைக்கிறாள். அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தாள். எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஞானாம்பாளைத் தாண்டி உள்ளே போய், இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சகாயசெல்வி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "யாருங்க இது, படையல்ல வந்து குந்திக்கிச்சு?" என்றார் ஒரு பங்காளி. தேவநாதன் அவளை எழுப்பக் குனிந்தான்.

அந்தக் கையைத் தையல்நாயகி தட்டிவிட்டாள். எழுப்பிவிட்டால் கல்யாணம் நடக்கும், மானம் நிற்கும், எல்லாம் அப்படியே இருக்கும். அவள் மகளின் தோளை அழுத்தி இன்னும் வாகாக உட்கார வைத்தாள். குழம்புச் சட்டியை எடுத்தாள்.

"சாப்பிடட்டும். அவளைத்தானே கூப்பிட்டீங்க? என் மவ சின்னப்பாப்பா இவதான். சாகலை. நான்தான் குடுத்துட்டேன்."

ஞானாம்பாள் கிட்டே வந்து வெரீனாவின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "எங்கண்ணன் நெத்தி" என்று சொல்லித் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடனே கோபமும் வந்துவிட்டது. "அடிப்பாவி அண்ணி! முப்பது வருசமா தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாரு, எப்பிடி நின்னுக்கினு இருக்கிற, புள்ளைக்குக் கீரைய வையி!"

அழுததும் ஏசியதும் அன்று பொழுது சாயும் வரை நடந்தது. தேவநாதன் முதலில் முறைத்துக்கொண்டு வெளியே போனான், பிறகு வந்து அக்காளின் பக்கத்தில் ஒட்டாமல் உட்கார்ந்தான். எல்லாரும் பயந்தது சம்பந்திக்குத்தான். அவரோ, "மாப்பிள்ளைக்கு அமெரிக்காவுல அக்கா இருக்குதுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாங்க?" என்று வாயெல்லாம் பல்லாகிவிட்டார். இதற்காகவா வாழ்நாளெல்லாம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தோம் என்று தையல்நாயகிக்கு அப்போதுதான் நெஞ்சு எரிந்தது.

கல்யாணம் வரை இருக்க வெரீனாவுக்கு லீவு இல்லை. அங்கே புருஷனும் இரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். போனாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவநாதனின் செல்போனில் கூப்பிடுவாள். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த பாஷை இரண்டே வார்த்தை. "சாப்டியா?" என்பாள் இவள். "சாப்டேன்" என்பாள் அவள். பிறகு இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில ஞாயிறுகளில் போன் வராது. அன்றைக்குத் தையல்நாயகி அளத்து மேட்டில் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அடுத்த ஆடி வந்தது. துணி எடுக்கத் திண்டிவனம் போகக் கிளம்பியவளை ஞானாம்பாள் தடுத்துவிட்டாள்.

"உசுரோட இருக்கிறவளுக்கு இலை போடக் கூடாது அண்ணி. ஆகாது. இனிமே நம்ம வீட்டுக்குப் பூவாடை கிடையாது."

நியாயமான பேச்சு, தையல்நாயகியே உள்ளுக்குள் பயந்த பேச்சு. மகள் கிடைத்துவிட்டாள். ஆனால் மகளுக்கென்று சமைக்க வருஷத்தில் ஒரு நாள் இருந்ததே, அது போய்விட்டது. கையைப் பிசைந்துகொண்டு அந்த வாரத்தை ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை அளத்துக்குப் போகவில்லை. மத்தியானம் ஞானாம்பாள் வந்து எட்டிப் பார்த்தபோது அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது, முறத்தில் கீரை ஆய்ந்து வைத்திருந்தது.

"யாருக்கு அண்ணி இம்மாம் சமைக்கிற?"

"பாப்பாவுக்கு."

"அதான் அவ உசுரோட இருக்கிறாளே."

"அதனாலதான்டி ஆக்குறேன்" என்றாள் தையல்நாயகி. "செத்தவங்களுக்கா பசிக்கும்?"