அவிழாத லேஸ்

மின்சார மீட்டர் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமை வந்தது. அதுவும் சொந்தப் புருஷன் மேல், அதுவும் அவன் நடக்கிற விஷயத்தில்.

அவன் நடையைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற பட்டறை அவனுடையது. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று அண்ணாந்து பார்ப்பான். "இந்த எழுத்துக்குக் கழுத்தே இல்ல பாரு" என்பான். "சிவப்பு மேல பச்சை வெச்சிருக்கான், படிக்கிறவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்பான். அவனைப் பால் வாங்க அனுப்பினால் அது தயிராகத்தான் வீடு வந்து சேரும் என்று அவள் சொல்வதுண்டு.

அவளோ நடையில் அப்பனுக்குப் பிறந்த மகள். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அப்பாவோடு பூங்கா வரை ஒரு நடை போய் வருவாள். பெரிதாகப் பேச்சு இருக்காது. இரண்டு ஜோடிக் கால்களும் ஒரே தாளத்தில் விழும், அதுதான் பேச்சு. பகலெல்லாம் யார் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ குனிந்து, ஒட்டடையை வாயால் ஊதி, நாய்க்குப் பயந்து எண்களைக் குறித்துக்கொண்டு வருகிறவளுக்கு, பொழுது சாய்வதே அந்த நடைக்காகத்தான்.

ஒரு நாள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு மாப்பிள்ளையோட போய்ட்டு வரேம்மா" என்றார்.

"அவரோடயா? நடக்கறாரா, நட்டு வெச்சிருக்கான்னு நீங்கதானே கேப்பீங்க?"

"கதை நல்லா சொல்றாரும்மா."

போனார்கள். மறுநாளும் போனார்கள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும்போது மாமனும் மருமகனும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே படியேறுவார்கள். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்.

ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்குப் படுவதெல்லாம் சாட்சிதான். அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று ஒரு தாழ்வான சாய்வு நாற்காலி உண்டு. அதில் உட்காருவதை அவர் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையின் உயரமான நாற்காலியில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்தான். அவள் தன் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஷூவைப் போலவே லேஸ் வைத்த ஒரு ஜோடியை அவருக்கு வாங்கி வந்தாள். "அழகா இருக்கும்மா" என்றார். எடுத்துப் பார்த்தார், தடவினார், பெட்டிக்குள் வைத்து மூடினார். மறுநாள் அதே பழைய செருப்பு.

"என்மேல ஏதாவது வருத்தமாப்பா?"

"உன்மேல எனக்கென்ன வருத்தம்?" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காரணம் தெரியாத புருஷன் வேறு, "மாமாவுக்கு என் தொழில்மேல என்னா ஆர்வம்ங்கற! பேசாம பட்டறையில சேத்துக்கலாம்போல" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினான்.

"சேத்துக்கோங்க. படுக்கையையும் அங்கயே போட்டுக் குடுத்துடுங்க."

"நீ ஏன் இப்படி எரிஞ்சு விழற?"

பெற்ற அப்பாவைக் கட்டின புருஷன் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில், எதிர்ச்சாரியில் இருவரும் போவதைப் பார்த்தாள். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பின்தொடர்ந்தாள். ஒரு மருந்துக்கடை முன்னால் நின்றார்கள். புருஷன் வழக்கம்போல அண்ணாந்து, காற்றில் விரலால் எழுத்துப் போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அப்பா நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கண்கள் மூடியிருந்தன. இடது காலின் நுனி மட்டும், சுடுதரையில் வைப்பதுபோல, பட்டும் படாமல் தரையில் இருந்தது.

புருஷன் திரும்பினான். அப்பாவின் கண்கள் திறந்தன, முகத்தில் சிரிப்பு ஏறியது. ஏதோ சொன்னார். இருவரும் நகர்ந்தார்கள், அடுத்த கடை வரை.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சாய்வு நாற்காலி தாழ்வானது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். லேஸ் வைத்த ஷூவுக்குக் குனிய வேண்டும். மகளோடு நடந்தால் அவள் வேகத்துக்கு நடக்க வேண்டும்.

அன்று அப்பா கை கழுவப் போன நேரத்தில் புருஷனைக் கேட்டாள்: "கடைக்குக் கடை ஏன் அவரை நிக்க வெக்கறீங்க?"

"நான் எங்க நிக்க வெக்கறேன்? அவருதான், இந்த போர்டைப் பாருங்க மாப்ள, அந்த போர்டைப் பாருங்க மாப்ளன்னு காட்டறாரு. நேத்து போர்டே இல்லாத கடையைக் காட்டி, இதுக்கு என்ன எழுதலாம்னு கேட்டாருன்னா பாத்துக்கோயேன்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவனுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாது என்பதற்காகத்தான் அப்பா இவனைப் பிடித்திருக்கிறார். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இத்தனை நாளும் அப்பாவின் வலிக்குப் பக்கத்தில் நின்றது இவன்தானே, எழுத்துக்குக் கழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு!

மறுநாள் அவள் ஷூ பெட்டியை எடுத்து வந்தாள். "இன்னிக்கு நான்தான். நீங்க வீட்ல இருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அப்பா மறுக்க வாயெடுப்பதற்குள் தரையில் உட்கார்ந்து, அவர் காலில் ஷூவை மாட்டி லேஸைக் கட்டிவிட்டாள். அவர் அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் அவளுடைய கால்கள் பழக்கத்தில் முந்தின. இழுத்துப் பிடித்தாள். மருந்துக்கடை நெருங்கியபோது அப்பாவின் மூச்சு மாறுவது கேட்டது. எந்த போர்டைக் காட்டுவதென்று அவர் கண்கள் அலைவதும் தெரிந்தது.

"லேஸ் அவிழ்ந்திருக்குப்பா. கொஞ்சம் நில்லுங்க."

அவிழவில்லை. அவள் மண்டியிட்டு, நன்றாக இருந்த முடிச்சைப் பிரித்தாள். அப்பாவின் கை கம்பியைப் பிடித்தது. கால்சட்டைத் துணிக்குள் அவர் கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நிதானமா கட்டு. அவசரமில்ல" என்றார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்.

"இடுப்புலேர்ந்தா வலிக்குது, முட்டிலேர்ந்தா?"

ஒரு பேருந்து கடந்து போனது.

"இடுப்புலேர்ந்து இறங்குது" என்றார் கடைசியில். "உன்கூட வந்தா நாலு எட்டுல நீ கண்டுபிடிச்சுடுவ. அதான்."

"நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போறோம்."

"போலாம்." கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்மா" என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. அப்பாவின் வலியைப் பற்றிய பேச்சில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் அது அடங்குவதாக இல்லை.

"சொல்லலை" என்றாள். அடுத்த ஷூவின் லேஸையும் பிரித்தாள்.