பத்து மணிப் பட்டியல்

பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு முறையும் "கோவிச்சுக்காதீங்க" என்று திரையிடம் முணுமுணுக்கிறார். யாரோ எழுதியது மறைகிறது. உடனே விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை துடைத்ததில், எல்லாச் சட்டையும் ஒரே இடத்தில் நைந்திருக்கிறது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'ரப்பர்'.

சமூக வலைத்தளத்தில் வதந்திகளை நீக்குவது வேலை. எது வதந்தி என்று யோசிக்கும் தொல்லை கிடையாது. காலை பத்து மணிக்கு அரசாங்கத்திலிருந்து பட்டியல் வந்துவிடும், அவ்வளவு கரிசனம். பதிவு கண்ணில் பட்ட பதினைந்து நிமிடத்துக்குள் நீக்காவிட்டால் நிறுவனத்துக்குப் பூட்டு. ரப்பருக்கு வேலை அதற்கும் முன்பே போய்விடும்.

கொஞ்ச நாளாகப் பட்டியல்தான் முதலில் வருகிறது. பதிவு பிறகு வருகிறது. மதியத்துக்குள் எங்கோ ஒரு சமையலறையிலிருந்து யாரோ அதையே, எழுத்துப்பிழை மாறாமல், எழுதிவிடுகிறார்கள். மேலாளரிடம் சொல்லிப் பார்த்தார்.

"அரசாங்கத்துல சுறுசுறுப்பா இருக்காங்கய்யா. அதுக்கும் குறையா?"

இன்று மூன்றாவது வரியில் அக்காவின் பெயர். "எங்க தெருக் குழாய்த் தண்ணி சரியில்ல. பாப்பாவுக்கு நிக்காம வாந்தி. யாரும் குடிக்காதீங்க." அவசரமாகத் தேடினார். அக்கா இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

போன் போட்டார்.

"அக்கா, குழாய்த் தண்ணியைப் பாப்பாவுக்குக் குடுக்காத."

"ஏன்டா? கண்ணாடி மாதிரி இருக்கு."

"சொன்னாக் கேளேன்!"

"யாரு சொன்னா?"

"அரசாங்கம்."

"என்னன்னு?"

"தண்ணியில ஒரு குறையும் இல்லைன்னு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "வதந்தியை அழிச்சு அழிச்சு உனக்கே ஒட்டிக்கிச்சாடா? பாப்பா இப்பதான் ரெண்டு டம்ளர் குடிச்சா. போய் வேலையைப் பாரு."

பதினொன்றேகாலுக்கு அக்காவின் பதிவு திரையில் வந்தது. எழுத்துக்கு எழுத்து அதேதான். அடுத்த நிமிடமே கீழே ஒரு பக்கத்து வீட்டுக்காரி: "நல்லவேளை சொன்னீங்க. பிள்ளைங்களுக்கு ஊத்தப் போனேன், கீழ கொட்டிட்டேன்." எதிர்வீட்டுக்காரர்: "நானும்." திரையின் மூலையில் பதினைந்து நிமிடம் குறையத் தொடங்கியிருந்தது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "என்ன ரப்பர், பட்டியல்ல மூணாவது இன்னும் அப்படியே நிக்குது?"

ரப்பர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.