அக்கா கேட்ட வாசல்

என் கட்டிலருகே ஒரு பலாக்கட்டைத் துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மஞ்சள் பூசிய கறை, மறுபக்கம் வாள் அறுத்த சொரசொரப்பு. இந்த வீட்டு வாசற்படியின் மிச்சம் அது. பார்க்கும்போதெல்லாம் அக்காவின் நினைவு வரும், கூடவே கோபமும் வரும்.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நோயால் நடை போன நாங்கள் நான்கு இளம்பெண்கள், கிளினிக்கில் காத்திருந்தே பழகியவர்கள். அவள் மூத்தவள். தசை கரையும் வியாதி. லயத்து வீட்டுப் படிகளில் கக்கூசுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் அவளுடைய அப்பாதான் தூக்கிக்கொண்டு போவார். உதவி கேட்ட இடத்திலெல்லாம் முதியோர் இல்லத்தைக் காட்டினார்கள். "இருபத்தாறு வயசுல எனக்கென்ன பல்லா கொட்டிப்போச்சு?" என்று சிரித்தாள். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் நால்வரும் சேர்ந்து வாழ வீடு கட்டித்தர முன்வந்தது. தோட்டத்தில் சமதரை கோயில் மண்டபத்தில்தான் உண்டு. அங்கே கரித்துண்டால் அறைகளை அதே அளவில் தரையில் கீறச்சொல்லி, கோட்டில் முட்டாமல் சக்கர நாற்காலி திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். ஆளுக்கொரு அறை, பொதுவில் ஒரு சமையலறை, எங்கேயும் படி கிடையாது. "என்னைய யாரும் தூக்காம நானா வெளிய போகணும். அவ்வளவுதான்" என்பாள்.

வாசல் நிலை வைத்த அன்று மழையில் எங்களால் போக முடியவில்லை. அடுத்த வாரம் போனால், வாசலின் குறுக்கே நாலு விரல் உயரத்துக்குப் பலாக்கட்டை, மஞ்சளும் குங்குமமுமாக. அக்காவின் அப்பாவே தேடி வாங்கி, அடியில் நவதானியம் போட்டு, மேசனிடம் சொல்லிப் பதித்திருந்தார். "வாசப்படி இல்லாத வீட்டுல மகாலட்சுமி எப்புடி புள்ள தங்கும்?"

"அவளையும் ஒரு வண்டியில வரச்சொல்லுங்கப்பா. இத அறுத்துருங்க" என்றாள் அக்கா.

வைத்த படியை அறுத்தால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று நம்புகிற சனம் நாங்கள். அவர் முகம் வெளிறியதைப் பார்த்து அக்கா படியை அப்படியே விட்டுவிட்டாள். குடிவந்த பிறகும் அவர் காலையில் வந்து அவளையும் எங்களையும் வெளியே தூக்கி வைப்பார், மாலையில் உள்ளே தூக்கி வைப்பார்.

அந்த மாரிக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் வந்தாள். படி அறுபடாமலே உயிர் போயிற்று. கடைசியிலும் அவளைத் தூக்கித்தான் அதைத் தாண்டினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா வாளோடு வந்தார். யாரும் சொல்லவில்லை. தனியாகக் குந்தி அறுத்தார். கட்டையை அடுப்பில் போடச் சொன்னார், நான்தான் ஒரு துண்டை எடுத்துவைத்தேன். அவர் அன்பில் செய்தார் என்று தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

இப்போது என் வண்டி தட்டாமல் வெளியே போகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வந்து வாசலோரம் உட்கார்ந்திருப்பார். என் சக்கரம் அந்த இடத்தை நெருங்கினால் மறந்துபோய் எழுந்து இரண்டு கையையும் நீட்டிவிடுவார்.

"வேணாம்ப்பா" என்பேன். நான் தாண்டிப் போன பிறகும் கையை இறக்காமல் நிற்பார்.