சதுரக் குழி

லித்கோ நகரில் ஆயுதத் தொழிற்சாலையின் சங்கு ஊதினால் ஊரே கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும். வின்ஸ் பாஸ்கோ மட்டும் சங்கு சரியான நேரத்துக்குத்தான் ஊதுகிறதா என்று தன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

முப்பத்தொரு வருடம் அந்தத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை மேசையில் நின்றவன். ராணுவத் துப்பாக்கிகளின் மரக்கட்டைகள் அவன் முன் வரும். விளக்கின் கீழ் திருப்பிப் பார்ப்பான். நகக்கீறல் அளவு குறை இருந்தாலும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்புவான். செதுக்குகிறவர்கள் அவனை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறார்கள். அவன் அடுத்த கட்டையை எடுப்பான்.

வீட்டில் சேர்த்ததெல்லாம் தொழிற்சாலைச் சரக்குக்கு நேர் எதிரானவை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது. ஊன்றுகோலுக்குள் ஒளிந்த துப்பாக்கி, பேனாக்கத்திக்குள் ஒளிந்தது, வாத்துக்கால் போல நான்கு குழல்கள் விரிந்தது, மவுத் ஆர்கன் மாதிரி பக்கவாட்டில் நகரும் பத்து அறைகள் கொண்டது. எல்லாம் பின்கொட்டகையில், இரும்பு அலமாரியில். "இது எத்தன செஞ்சாங்க?" என்பதுதான் எதைப் பார்த்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி. ஆயிரத்துக்கு மேல் என்றால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வான்.

ஒவ்வொரு ஜூன் மாதமும், குளிர் தொடங்கும்போது வரும் நீண்ட வாரக்கடைசி விடுமுறையில், எங்கள் சேகரிப்பாளர் சங்கம் கண்காட்சி மைதானத்துக் கூடத்தில் மேசைகள் போடும். பச்சைத் துணி விரித்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் முன்னால் ஓர் அட்டை. இது என்ன, யாரிடம் இருந்தது, நமக்குத் தெரிந்தது எவ்வளவு. தெரியாததை எழுதக் கூடாது. அட்டைகளைத் தட்டச்சு செய்வது நான். விதிகளைக் காப்பது வின்ஸ். முதல் விதி, பழைய துப்பாக்கியின் துருவைத் தொடக் கூடாது என்பது. ஒரு வருடம் கசாப்புக்கடை ராய் தன் கைத்துப்பாக்கியைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தான்.

"கடைல ஆட்டுத்தோல உரிக்கற மாதிரி உரிச்சு வச்சிருக்கியே, ராய்."

"பளபளன்னு இருந்தாதானேப்பா பாக்கறவனுக்குப் பிடிக்கும்."

"பளபளப்பு வேணும்னா உன் பொண்டாட்டியோட டீ ஸ்பூன கொண்டாந்து வை. இத எடு."

ராய் எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் சங்கத்துக்கு வரவில்லை.

டல்சி ஆர்மண்ட் வின்ஸின் பக்கத்து வீடு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரின் ரகசியங்கள் எல்லாம் அவள் காது வழியாகப் போயிருக்கின்றன, ஒன்றும் வாய் வழியாக வந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வின்ஸின் மனைவி ஐவி இறந்த பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் வேலிக்கு மேலாக ஒரு தட்டு வரும். வாட்டிய ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, மேலே கவிழ்த்த இன்னொரு தட்டு. ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

ஆர்மண்ட் என்ற பெயருக்கு எங்கள் ஊரில் வேறு ஓர் உபயோகம் உண்டு. டல்சியின் கொள்ளுத்தாத்தா சைலஸ் ஆர்மண்ட் தபால் வண்டி ஓட்டியவர். 1865இல் மலைப்பாதையில் கொள்ளைக்காரர்கள் வண்டியை மறித்தபோது, காவலுக்கு வைத்திருந்த தன் துப்பாக்கியைச் சண்டை போடாமல் அவர்களிடம் நீட்டிவிட்டார் என்பது கதை. உள்ளங்கையில் குண்டுக் காயத்தோடு வந்தார். அதைத் தானே சுட்டுக்கொண்டார் என்றார்கள். வேலை போயிற்று. அதிலிருந்து ஊரில் எவன் எதைச் சும்மா விட்டுக்கொடுத்தாலும் "ஆர்மண்ட் பண்ணிட்டான்" என்போம். கால்பந்து மைதானத்தில் எவனாவது பந்தைத் தவறவிட்டால் "ஆர்மண்ட், ஆர்மண்ட்" என்று கூட்டம் கத்தும். நானும் கத்தியிருக்கிறேன். இரண்டு வரிசைக்குக் கீழே டல்சி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

1989 குளிர்காலத்தில் அவள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வின்ஸின் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே அந்தத் துப்பாக்கி. கொள்ளைக்காரர்கள் பிடிபட்ட பிறகு போலீஸ் திருப்பிக் கொடுத்தது. நூறு வருடத்துக்கு மேல் அவர்கள் வீட்டில் யாரும் அதை வெளியே எடுத்ததில்லை.

"குயின்ஸ்லாந்துலேர்ந்து தம்பி வர்றான், வின்ஸ். கணப்புக்கு மேல மாட்டலாம்னு. எனக்கு எழுபது வயசாச்சு, இன்னும் எதுக்கு ஒளிச்சு வைக்கணும். கொஞ்சம் துடைச்சுக் குடு."

வின்ஸ் விளக்கின் கீழ் பிடித்தான். குழலின் முனை வழியாக மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல். குழலின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் முகத்தில் ஆர்வம் போய்விட்டது.

"பெல்ஜியத்துச் சரக்கு. கப்பல் கப்பலா வந்து எறங்குச்சு. ஆணியும் வாளியும் விக்கற கடைல வித்தது."

"மட்டமா?"

"மட்டம்னு இல்ல. நெறய."

நிறைய இருப்பதன் மேல் அவன் விதிகள் செல்லாது. எனக்கு இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. வாத்துக்கால் துப்பாக்கியாக இருந்திருந்தால் விரலால் தூசியைத் துடைக்கவும் இரண்டு நாள் யோசித்திருப்பான். இது டல்சியின் சுவருக்கு. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவனால் திருப்பிக் கொடுக்க முடிந்த ஒன்று. துருவை எடுத்தான். மறுபடி துரு ஏறாமல் இருக்கக் குழலுக்குக் கருநீலம் ஏற்றினான். முன்கட்டையில், இடது கை பிடிக்கிற இடத்தில், ஒரு விகாரமான பள்ளம் இருந்தது. கறுத்த மெழுகு அடைத்து, மேலே அழுக்கு ஏறி. சோதனை மேசைக்கு அது வந்திருந்தால் இரண்டு கோடு போட்டிருப்பான். மெழுகைச் சுரண்டினான். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. எவனோ பள்ளத்தை ஈயம் வைத்து அடைத்திருக்கிறான் என்று நினைத்தான். தோண்டி எடுத்து, மீன்பிடிக்கக் குண்டு வார்ப்பதற்காக ஈயத்துண்டுகள் போட்டு வைக்கும் தகரடப்பாவில் எறிந்தான். பள்ளத்தைச் சுற்றி உளியால் சதுரமாக வெட்டி, அதே ரேகை உள்ள வால்நட் துண்டு ஒன்றைத் தேடி இறக்கி, உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் ஏழு தடவை பூசினான். ஒட்டு எங்கே என்று என்னைக் கண்டுபிடிக்கச் சொன்னான். என்னால் முடியவில்லை. அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன் என்று சொன்னால் மிகை. ஆனால் அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் பார்க்கவில்லை.

டல்சி அதைக் கணப்புக்கு மேல் மாட்டினாள். இரண்டு வருடம் அங்கே இருந்தது.

1991 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம். சங்கத்துக் கணக்கெடுப்புக்காக நான் வின்ஸின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். டல்சி கோட்டுப் பொத்தான் போடாமல் வந்தாள். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் நகலெடுத்த காகிதம். பள்ளத்தாக்கின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்த ரூத் ஆல்டர் என்ற பள்ளி ஆசிரியைக்கு, பழைய வைத்தியர் ஒருவரின் கடிதக் கட்டில் கிடைத்தது அது.

"நீயே படி, வின்ஸ்."

அவன் படிக்கவில்லை. என்னிடம் நீட்டினான். நான் படித்தேன். வைத்தியர் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதியது. ஓட்டுநர் ஆர்மண்டின் இடது உள்ளங்கையிலிருந்து கறுப்பு வால்நட் மரச்சிலாம்புகளை எடுத்தேன். குண்டு கையைத் துளைத்துத் தான் பிடித்திருந்த கட்டையில் தங்கியது என்கிறார். துப்பாக்கியை விடவில்லை, கை செத்த பிறகு பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறார். துப்பாக்கி கிடைத்தால் முன்கட்டையைப் பாருங்கள். அதில் குண்டு இருந்தால் அவர் சொல்வது நிஜம்.

"யாரும் பாக்கல" என்றாள் டல்சி. "போலீஸ் பாக்கல. எங்காளுங்களும் பாக்கல, தொடவே வெக்கப்பட்டுக்கிட்டு. ரூத் புத்தகத்துல நம்ம ஊர்ப் பழைய கதையத்தான் எழுதி வச்சிருக்கா. குண்டக் காட்டுனா அந்தப் பக்கத்தையே மாத்திடறேங்கறா. புதன்கிழமை வர்றா. இங்கதானே ஒரு பள்ளம் இருந்துச்சு, வின்ஸ்? நீ நல்லா அடைச்சுட்டே, எனக்கு எடம் தெரியல. அடியில இருக்கும்ல?"

வின்ஸ் தகரடப்பா இருந்த பக்கம் பார்க்கவில்லை. அதனாலேயே நான் பார்த்தேன். காலியாக இருந்தது.

"வச்சுட்டுப் போ" என்றான். "பாக்கறேன்."

அவள் போனதும் தகரடப்பாவை எடுத்து என் முன் கவிழ்த்துக் காட்டினான். பிறகு தொழிற்சாலையில் அறிக்கை கொடுக்கிற குரலில் சொன்னான். ஈயத்தைப் போன ஈஸ்டருக்கு முன்னால் உருக்கியாயிற்று. எல்லாத் துண்டுகளோடும் சேர்த்து. நாற்பது மீன்பிடிக் குண்டுகள். பாதி அணைக்கட்டுத் தண்ணீரில் கிடக்கின்றன.

சொல்லக் கூடாததைச் சொன்னவன் நான்தான்.

"உன்கிட்ட பழைய கட்டை இருக்கு. அந்தக் காலத்து வார்ப்பச்சு இருக்கு. சுடறதுக்கு வெடிமருந்து இருக்கு. பழைய மரத்துல ஒரு குண்ட சுட்டு, உன் ஒட்டெடுத்துட்டு அத அங்க எறக்கு. உன் ஒட்டை எவன் கண்டுபிடிப்பான்? சொல்லப்போனா அது உண்மைதானே. அங்க இருந்ததைத்தானே வைக்கப்போறே."

அவன் மறுக்கவில்லை. துப்பாக்கியைப் பட்டறை மேசையின் இடுக்கியில் பூட்டினான். உள்ளே போய் உடைந்த பழைய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து ரேகையை ஒப்பிட்டுப் பார்த்தான். பொருந்தியது. பிறகு உளியால் தன் ஒட்டை நெம்பி எடுத்தான். சுலபமாக வரவில்லை. வந்தபோது அடியில் ஒரு சதுரக் குழி. நான்கு மூலையும் கத்தி போல. பழைய மரத்தின் ஒரு நார்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய ஈயக்குண்டை எடுத்து அதில் போட்டான். உருண்டு ஒரு மூலையில் போய் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேன்டா" என்றான். "சாம்பலா இருந்துச்சு. ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு. அடைக்கறதுக்கு வச்ச ஈயம் எதுக்கு நசுங்கும்னு கேக்கல. மொதல் நாளு வேலைக்கு வர்ற பயகூடக் கேட்டிருப்பான்."

"இப்ப அத விடு. பழைய கட்டைய வெட்டு."

"வெட்டலாம். இதையும் நல்லா செஞ்சிடுவேன். அதான் பயமா இருக்கு."

குண்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். பாலில்லாமல் குடிக்கிறவனுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தான். நான் குடித்தேன்.

புதன்கிழமை ரூத் வருவதற்கு முன்பே துப்பாக்கியோடு வேலியைச் சுற்றிப் போய் டல்சியிடம் சொல்லியிருக்கிறான். நான் அங்கே இல்லை. அவன் சொன்னதை வைத்து எழுதுகிறேன். டல்சி சமையலறையில் நின்றுகொண்டே கேட்டாள். முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி.

"இது ஒண்ணேயொண்ணுதான் இருக்குன்னு சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டே. இல்ல?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போ, வின்ஸ். என்னால அதைப் பாக்க முடியாது."

ரூத் நேர்மையான பெண். குழியைப் பார்த்தாள், அவன் சொன்னதை எழுதிக்கொண்டாள். குண்டு இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அதை அழித்தவனேதான், அவனும் குடும்பத்தின் அண்டைவீட்டுக்காரன். இதை வைத்துப் பக்கத்தை மாற்ற முடியாது என்றாள். கடிதத்தைச் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டாள். துப்பாக்கியின் கட்டை பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டதால் உறுதிப்படுத்த இயலவில்லை என்று கடைசி வரி. புத்தகம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அடிக்குறிப்பைப் படித்தவர்கள் என்று யாரையும் நான் சந்தித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தட்டு நின்றுபோயிற்று. வின்ஸ் சுத்தமாகக் கழுவி வேலிமேல் வைத்த இரண்டு தட்டுகள் நான்கு நாள் அங்கேயே இருந்தன. பிறகு காணோம்.

அடுத்த ஜூன் கண்காட்சிக்கு வின்ஸ் ஒரே ஒரு துப்பாக்கி கொண்டுவந்தான். ஊன்றுகோல் எங்கே, வாத்துக்கால் எங்கே என்று வந்தவர்கள் கேட்டார்கள். பச்சைத் துணிமேல் அந்தப் பெல்ஜியத்து இரட்டைக்குழல், சதுரக் குழி மேலே தெரிகிற மாதிரி. அட்டையின் வாசகத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தான். திருத்தாதே என்றான்.

தபால் வண்டி ஓட்டுநர் சைலஸ் ஆர்மண்டின் துப்பாக்கி. இந்த இடத்தில் ஓர் ஈயக்குண்டு இருந்தது. நான் பார்த்தேன். மலிவான துப்பாக்கி என்று நினைத்து அதைத் தோண்டி எடுத்து உருக்கிவிட்டேன். வி. பாஸ்கோ.

அதை நான் மூன்று தடவை தட்டச்சு செய்தேன். ஒன்றில் எழுத்துப் பிழை. இன்னொன்று ஏன் என்று ஞாபகமில்லை.

கசாப்புக்கடை ராய் அந்த வருடம் பார்வையாளனாக வந்தான். அட்டையைப் படித்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் எழுந்தேன். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு அடுத்த மேசைக்குப் போனான்.

இரண்டாம் வருடமும் அதே துப்பாக்கி, அதே அட்டை. மூன்றாம் வருடம் மேற்கத்திக் காற்றோடு பனித்தூறல். கூட்டம் குறைவு. மூன்று மணிக்கு டல்சி வந்தாள். நேராக எங்கள் மேசைக்கு வந்து அட்டையைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். வின்ஸ் எழுந்து நின்றான். அவள் கையுறையைக் கழற்றி, சுட்டுவிரலைக் குழிக்குள் விட்டு நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நேராத்தான் வெட்டியிருக்கே" என்றாள்.

"ஆமா."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். அடுத்த மேசைகளில் நிற்காமல் வெளியே போனாள். கூடத்துக்குப் பின்னால் மைதானத்தில் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ பந்தைத் தவறவிட்டிருக்க வேண்டும். கூட்டம் ஒரே குரலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது.