மயோனைஸில் மூழ்கிய தைவான் சிக்கன்

பிரான்ஸிலிருந்து லீவில் வந்திருக்கும் அக்காவை இன்று சாயங்காலம் பாண்டிச்சேரி டவுனில் இருக்கும் அந்தத் தைவான் சிக்கன் கடைக்குக் கூட்டிப்போனேன். போன லீவில் நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தின்ற சிக்கன். மொறுமொறுவென்று சின்னச் சின்னத் துண்டுகள், மேலே மிளகு உப்பும் பொரித்த துளசி இலையும்.

இன்று வந்தது மயோனைஸில் மூழ்கிய ஏதோ ஒன்று. துளசி இருந்த இடத்தில் சீஸ்.

அக்கா ஒரு துண்டை டிஷ்யூவில் துடைத்துவிட்டுக் கடித்தாள். “இதுக்கா தவளக்குப்பத்துலேர்ந்து இந்த டிராஃபிக்ல இட்டுகினு வந்த?”

தட்டை எடுத்துக்கொண்டு கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனேன்.

“இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க மேடம். ரீல்ஸ்ல நல்லா தெரியுது.”

“நீங்களே ஒரு துண்டு சாப்ட்டுப் பாருங்க.”

தட்டைப் பார்த்துச் சற்றுப் பின்வாங்கினார். “இல்ல மேடம், எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது.”

சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். வத்தக்குழம்பு சாதம், சுட்ட அப்பளம். அந்தக் கடையில் உருப்படியான வாசனை அதிலிருந்து மட்டும்தான் வந்தது.

அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் அவள் கிளம்புகிறாள்.

பாண்டிச்சேரியில் சிக்கனை ஒழுங்காகப் பொரிக்கும் கடை மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த முதலாளி வீட்டுக்கு வழியாவது சொல்லுங்கள்.