எட்டுத் தளபதிகளும் ஒரு சாக்கெட்டும்

ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரனில் நான் வேலை பார்த்த இருபத்து நான்கு வருஷத்தில் எட்டுத் தளபதிகள் வந்து போனார்கள். எட்டுப் பேருக்கும் சல்யூட் அடித்திருக்கிறேன். எட்டுப் பேரும் என் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மேலே போனார்கள். இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விதி அப்படி. ஹெலிகாப்டரைப் பழுது பார்த்தவன் பதிவேட்டில் ‘பறக்கத் தகுதியானது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழேதான் விமானி போடுவார். தோளில் எத்தனை பட்டை இருந்தாலும் அந்தக் காகிதத்தில் அவருடைய இடம் எனக்குக் கீழே.

நான் மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி நீட்டிய காகிதத்தில் எல்லாம் கட்டைவிரலை வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கிராணி சொல்லியிருக்கப் போவதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று ஒரு காகிதம் வந்தது. அதில் அப்பாவின் கைநாட்டு இருந்தது. அதை எப்போது வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதை எனக்கு எந்த விமானப்படையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் தளபதிக்குப் புல்தான் உயிர். ஹெலிகாப்டர் ஓடுகிறதோ இல்லையோ, அலுவலகத்து முன்னால் புல்லின் ஓரம் கயிறு பிடித்தது போல் நேராக இருக்க வேண்டும். இரண்டாமவர் அருமையான விமானி, ஆனால் எங்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. மூன்றாமவருக்கு டுரியான் பைத்தியம். சீசன் வந்துவிட்டால் பயிற்சிப் பறப்புகள் எல்லாம் எப்படியோ டுரியான் காய்க்கும் பக்கமாகவே போகும். மறுநாள் இருக்கைகளைக் கழற்றிக் கழுவுவது எங்கள் தலையெழுத்து.

நான்காமவர்தான் உண்மையான தளபதி. அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடு சேர்த்தே இதைச் சொல்கிறேன். வந்த முதல் வாரமே எங்கள் கருவிகளுக்குப் பலகைகள் செய்ய வைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் சிவப்புச் சாயத்தால் வரைந்து, அதன்மேல் அந்தக் கருவியை மாட்ட வேண்டும். வேலை முடிந்து பார்க்கும்போது எங்காவது வெறும் சிவப்பு தெரிந்தால் ஒரு கருவி குறைகிறது என்று அர்த்தம். கருவி குறைந்தால் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பாது. உள்ளே மறந்துபோன ஒரு சின்ன இரும்புத்துண்டு பறக்கும்போது கட்டுப்பாட்டுத் தண்டில் போய்ச் சிக்கினால் அவ்வளவுதான், ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. இளவயதில் ஒரு நண்பரை அப்படி இழந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் சொன்னதில்லை.

அவருடைய காலம் முடியும் மழைக்காலத்தில் எங்கள் ஹெலிகாப்டர் ஒன்றை ஈப்போவில் நிறுத்தியிருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட பழுது பார்க்கும் குழுவுக்கு நான் பொறுப்பு. அப்போது நான் சார்ஜன். வீடு செமோரில் இருந்ததால் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். தளபதி பதவி விட்டுப் போகும்போது கடைசியாக ஒருமுறை பறப்பார், இறங்கியதும் தீயணைப்பு வண்டிக் குழாயால் அவரை நனைத்து எடுப்போம். எங்கள் வழக்கம் அது. இவர் தாப்பாக்காரர். கடைசிப் பறப்பில் தாப்பாவில் தான் படித்த பள்ளித் திடலில் இறங்கி, தன் தாயாரின் கையை முத்தமிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மகன் ஹெலிகாப்டர் ஓட்டி அந்த அம்மா ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

அந்தக் கடைசி நாட்களில் அவரும் ஈப்போவில்தான் இருந்தார். அதே வாரம் என் பதவி உயர்வுக் கோப்பும் அவர் மேசையில் இருந்தது. அவர் பரிந்துரை எழுதினால் நான் ஃப்ளைட் சார்ஜன். எட்டு வருஷமாகக் காத்திருந்த காகிதம். பறப்புக்கு முந்தின நாள் அவரே என்னை நிறுத்திச் சொன்னார், “பறந்துவிட்டு வந்து போடுகிறேன், சார்ஜன்.” எப்போதும் போல மலாயில்தான் சொன்னார். அன்று மாலை செமோரில் அரைக் கிலோ மைசூர்ப்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேலை முடித்துப் பலகையைப் பார்த்தால் பத்து மில்லிமீட்டர் சாக்கெட்டின் இடம் சிவப்பாக இருந்தது. நட்டைக் கவ்வித் திருகும் இரும்புக் குப்பி, விரல் நுனி அளவுதான் இருக்கும். ஐந்து பேரும் உடுப்புப் பைகளைக் கவிழ்த்துக் காட்டினோம். தரைப் பலகைகளைக் கழற்றிக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் துழாவினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே குடும்பங்கள் வந்து கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டன. தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது.

தளபதி பறக்கும் உடையில் வந்தார்.

“எங்கே இருக்கிறது?”

“தெரியாது, துவான்.”

“உள்ளே இல்லை என்று நினைக்கிறாயா?”

“அப்படித்தான் நினைக்கிறேன், துவான். ஆனால் நினைப்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “என் அம்மா திடலில் வெயிலில் நிற்கிறார்,” என்றார். அது என்னைத் தைத்தது. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, இன்றுவரை பார்த்ததில்லை, ஆனால் குடையோடு அண்ணாந்து பார்த்தபடி ஒருவர் நிற்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.  அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, “உன் கோப்பு என் மேசையில் இருக்கிறது, மறந்துவிடாதே,” என்றார்.

அதுவரை எனக்கு அவர்மேல் இரக்கம்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் அது போய்விட்டது.

“பலகை மாட்டியது நீங்கள்தான், துவான்,” என்றேன்.

அவர் என் கார்ப்ரலைப் பார்த்தார். கையெழுத்துப் போடும் உரிமை அவனுக்கும் உண்டு. அவனும் நம்ம ஆள், என்னோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவன், அன்று ஹெலிகாப்டரில் பணியாளாகப் போக வேண்டியவனும் அவன்தான். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, “சார்ஜன் போட்டால் நானும் போடுகிறேன், துவான்,” என்றான். தளபதி கையுறைகளைக் கழற்றினார். காரில் ஏறித் தாப்பாவுக்குப் போனார். அவர்மேல் தண்ணீர் ஊற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தீயணைப்பு வண்டி குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பின்பக்கம் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் சாக்கெட் இருந்தது.

“இது உங்க சாமானா பாருங்க. அந்த எண்ணெய் சட்டைப் பையில கெடந்திச்சு.”

 பறப்பு இருந்த அன்று விடிந்ததும் மேலே எண்ணெய் கொட்டி, நான் உடுப்பு மாற்றியிருந்தேன். அழுக்கு உடுப்பைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கிய பைக்குள் போட்டதோடு மறந்துவிட்டேன். எல்லோர் பையையும் கவிழ்க்கச் சொன்னவன் சுத்தமான உடுப்பின் பையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை ஒரு கருவிக்காரன் மட்டும்தான் செய்ய முடியும்.

என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

“யாருக்குத் தெரியும்? எனக்கும் உங்களுக்கும்தானே. பின்னால லோம்போங் இருக்கு. வீசிட்டு வாங்க, முடிஞ்சிச்சு.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்று உண்டு. அதில் எவ்வளவோ கிடக்கிறது, இதுவும் கிடந்திருக்கும்.

“அங்க மூணு நாளா தரையைப் பேத்துக்கிட்டு இருக்கானுங்க. கிடைக்கிற வரைக்கும் பேப்பானுங்க,” என்றேன்.

“பேக்கட்டும். புரமோஷன்தான் போச்சு, மானமும் போகணுமா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் என்னோடு சேர்ந்து காத்திருந்தவள் அவள்.  மறுநாள் காலையில் சாக்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசல்வரை வந்தாள், வாரேன் என்று சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொறுப்பை ஒப்படைக்கத் தளபதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மேசையில் சாக்கெட்டை வைத்தேன்.

“எங்கே இருந்தது?”

“என் பாக்கெட்டில், துவான். வேறு உடுப்பில்.”

அவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். தளபதியாக இருந்த மூன்று வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் கோப்பை எடுத்து என் கண் முன்னாலேயே எழுதினார்: ‘கவனக்குறைவானவர். மேல்பதவிக்குப் பொருத்தமற்றவர்.’ கையெழுத்துப் போட்டு மூடினார்.

கவனக்குறைவு என்பது பொய்யில்லை. அதற்கு எந்தத் தண்டனை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் பாதிதான் எழுதினார். காணாமல் போன கருவி எங்கே என்று தெரியாத நிலையில் கையெழுத்துப் போட மறுத்தான் என்றும், கிடைத்ததும் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான் என்றும் அந்தக் கோப்பில் ஒரு வரி இல்லை. என் வழக்கு அந்த மீதிப் பாதிக்காகத்தான். அன்றும் அதற்காகத்தான், இன்றும் அதற்காகத்தான்.

அதன் பிறகு வந்த நான்கு தளபதிகளும் அந்தக் கோப்பைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஐந்தாமவர் நல்ல மனிதர். வேலைப்பளுவில் நிதானம் தவறிவிட்டேன், தளபதிக்குப் பணியாமல் போனதற்கு வருந்துகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தட்டச்சு செய்து தயாராகவே வைத்திருந்தார், கீழே என் பெயருக்கு மேல் இடம் விட்டு. கவனக்குறைவுக்கு வருந்துகிறேன் என்று எழுதித் தருகிறேன் துவான், மறுத்ததற்கு எழுத மாட்டேன் என்றேன். அவர் கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டார். ஆறாமவர் என்னைக் கண்டாலே தன் பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவார். ஏழாமவர் கதை இன்னும் வேடிக்கை. பதிவேட்டில் என் கையெழுத்து இல்லையென்றால் அவர் ஏற மாட்டார். நான் விடுப்பில் இருந்தால் என் விடுப்பு முடியும்வரை தன் பறப்பைத் தள்ளிப் போடுவார். ஆனால் வருஷா வருஷம் என் கோப்பு வரும்போது பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவார். என் கையெழுத்து அவருக்கு வேண்டும், எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் அவருக்குக் கை வராது. எட்டாமவர் காலத்தில் நான் ஓய்வு பெற்றேன், சார்ஜனாகவே.

இந்த வருஷம் பழைய ஆட்களை எல்லாம் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் மதிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பெல்லாம் நான் போனதில்லை. நான்காமவர் ஒவ்வொரு விருந்திலும் சாக்கெட் கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார் என்று கார்ப்ரல் நண்பன் சொல்லியிருந்தான். “இந்தத் தடவ போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி. “நீங்க இல்லாத எடத்துலதானே சிரிக்கிறாங்க.” சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மேடைத் திரையில் தளபதிகளின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் நாலு வார்த்தை பேசினார். நான்காவது படம் வந்ததும் அவரே ஒலிவாங்கியை வாங்கினார். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் குரல் அதே குரல். நான் கடைசி மேசையில் இருந்தது அவருக்குத் தெரியாது.

“எனக்குக் கடைசிப் பறப்பே கிடையாது, தெரியுமா?” என்று ஆரம்பித்தார். “ஒரு சார்ஜன், ஒரு சாக்கெட்டுக்காக என்னைத் தரையில் நிறுத்திவிட்டான். என் அம்மா பள்ளித் திடலில் மத்தியானம்வரை நின்றார். ஹெலிகாப்டரின் வயிற்றையே கிழித்துத் தேடினார்கள். அது எங்கே இருந்தது தெரியுமா? அவனுடைய பாக்கெட்டிலேயே.”

மண்டபம் சிரித்தது. இளம் விமானிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நண்பன் என் முழங்கையைப் பிடித்தான். “மச்சான், விடுலா. வயசானவரு.”

எனக்கும்தான் வயசாகிறது. எழுந்து நின்றேன்.

“துவான்,” என்றேன். அந்தக் காலத்து எஞ்சின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை எனக்கு, ஒலிவாங்கி தேவைப்படவில்லை. “அது என் பாக்கெட்டில் இருந்தது என்று உங்களுக்குச் சொன்னது யார்?”

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடைசி மேசைப் பக்கம் பார்த்தார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது.

“நீதான்,” என்றார்.

“நான் சொல்லாமல் இருந்திருந்தால், துவான்?”

அவர் ஒலிவாங்கியை இறக்கினார். யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் யாரோ அடுத்த படத்துக்குப் போகலாமா என்று கேட்டார்கள், அவர் கையால் தடுத்தார். மறுபடி ஒலிவாங்கியை வாய்க்கருகே கொண்டுபோனார்.

“யாருக்கும் தெரிந்திருக்காது, சார்ஜன்,” என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து, ஆறிப்போன கோழியைச் சாப்பிட ஆரம்பித்தேன். அந்தக் கதைக்கு அதன் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.