நலமா என்று கேட்கும் தாள்

எந்தத் தாளைக் கொடுத்தாலும் பொலிக்ஸேனி முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கவாலா துறைமுகத்தில், தாசோஸ் தீவுக்குப் போகும் கப்பலின் வாயிலில் நின்று இருபத்தாறு ஆண்டுகள் பயணச்சீட்டு கிழித்த பழக்கம். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அவர் கையில் ஒருமுறை புரண்டுதான் நேராகும். "முன்பக்கம் எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க" என்பார்.

வயது ஐம்பத்தாறு. கணவர் ஸ்திராத்தோஸ் இறந்த பிறகு கை நடுக்கம் வந்து, சீட்டைக் கிழிக்க முடியாமல் வேலையை விட்டவர். தூக்க மாத்திரை எழுதித் தந்த மருத்துவரே நகராட்சியின் களிமண் வகுப்பையும் எழுதித் தந்தார், புதன்கிழமை காலை பத்து மணி. மாத்திரைக்காவது ஒரு நியாயம் உண்டு, மண்ணுக்கு என்ன நியாயம் என்று முதல் மூன்று வாரம் மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். நான்காவது வாரம் கழற்றினார். அவர் செய்வதெல்லாம் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூடி உண்டு. திறந்து கிடக்கும் பாத்திரத்தை அவர் நம்புவதில்லை.

மண்ணைப் பிசையும்போது அவர் கை நடுங்குவதில்லை. வகுப்பில் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண் படும்.

வகுப்பு முடிந்ததும் அர்கிரோ தாள் கொடுப்பாள். தெசலோனிகியிலிருந்து பேருந்தில் வந்து போகிற முப்பது வயதுக்காரி. மண், பாட்டு, ஓவியம் இவையெல்லாம் மனத்துக்கு உண்மையிலேயே நல்லது செய்கின்றனவா என்று ஆராய்ச்சி செய்கிறாள். 'இந்த வாரம் உங்கள் மனம் எப்படி இருந்தது?' என்று தாளில் அச்சிட்டிருக்கும். கீழே சுழியம் முதல் பத்துவரை எண்கள்; பத்து என்றால் மிக நன்று. ஒன்றை வட்டமிட வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

முதல் நாளே பொலிக்ஸேனி தாளைப் புரட்டினார். மூலையில் பென்சிலில் ஏழு என்று போட்டிருந்தது.

"பேர் வேணாம்னியே. இது என்ன?"

"உங்க தாள் எதுன்னு எனக்குத் தெரியறதுக்குக்கா."

"அப்ப பேர் இருக்கு."

அன்றிலிருந்து அவர் வட்டமிடுவது நான்கு. கேட்டால் விளக்கமும் உண்டு: "மூணுன்னா டாக்டர் விசாரிப்பார். அஞ்சுன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவ விசாரிப்பா. நாலுன்னா யாரும் சீண்ட மாட்டாங்க."

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முன்பு ரொட்டிக்கடை வைத்திருந்த பந்தெலிஸ் வகுப்பு முழுக்கப் பாடிக்கொண்டே மண்ணில் கழுதை செய்வார். தாள் வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டு இரண்டை வட்டமிடுவார்.

"யோவ், இவ்வளவு நேரம் பாடினது யாரு, உன் கழுதையா?"

"பாட்டு காத்தோட போயிடும் பொலிக்ஸேனி. இது எழுத்து. நிக்கும்."

ஒரே நீள மேசை. பக்கத்து ஆள் கழுத்தை நீட்டினால் எண் தெரியும். நன்றாக இருக்கிறேன் என்று பத்துப் பேர் நடுவில் யார் எழுதி வைப்பார்கள்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்து நகரத்துக்குப் போன அர்கிரோவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துத் தாளைக் கண்ணேறு அண்டாது என்று நினைத்துவிட்டாள்.

பொலிக்ஸேனிக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. தம் பெயருக்குரிய புனிதரின் நாளைக் கொண்டாடும் பெயர்நாள் விருந்து ஒன்றில், ஸ்திராத்தோஸின் தட்டில் இன்னொரு மீனை வைத்தபடி, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டார். பதினோராம் நாள் ஸ்திராத்தோஸ் படகுத்துறையில் சரிந்து விழுந்தார். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று நடந்தது என்றாகிவிடாது. படித்தவர்கள் சொல்வது சரிதான். அந்த நியாயம் சாவு விழுந்த வீட்டில் யாருக்கும் உதவியதாகத் தெரியவில்லை.

மே மாதத்தின் கடைசிப் புதனன்று அர்கிரோ தாள்களைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பொலிக்ஸேனியின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, இதை நான் சொல்லவே கூடாது. அக்டோபர்லேர்ந்து எல்லார் எண்ணும் இறங்கிட்டே வருது. நீங்க மட்டும் நாலுல நிக்கறீங்க. இதைப் பார்த்துத்தான் நகராட்சில முடிவு பண்ணுவாங்க. இன்னிக்கும் இப்படியே இருந்தா வகுப்பை மூடிட்டு சூளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

போலிச் சீட்டைப் பார்ப்பதுபோல் பொலிக்ஸேனி அவளைப் பார்த்தார்.

"நீயா சொல்றியா, சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா?"

"நானாத்தான்."

"உனக்கு எந்த எண் வேணும்?"

"எனக்கு வேணுங்கறதை எழுதினா அது ஆராய்ச்சி இல்லக்கா. நீங்க எப்படி இருக்கீங்களோ, அதை எழுதுங்க."

"அது ஒண்ணைத்தான்டி எழுத முடியாது."

மேசையின் மறுகோடியிலிருந்து பந்தெலிஸ், "என்ன அங்க ரகசியம்?" என்றார்.

"உன் கழுதைக்கு வரன் வந்திருக்கு. நீ மண்ணைப் பாரு."

போன கிறிஸ்துமஸுக்கு வகுப்பு இரண்டு வாரம் நடக்கவில்லை. அப்போது பொலிக்ஸேனியின் கையில் காப்பிக் கோப்பை தட்டின் மேல் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு மாத்திரை இரண்டானது. ஜனவரியில் மண்ணைத் தொட்ட பிறகுதான் மறுபடி ஒன்றானது. ஈஸ்டருக்குப் பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை அவர் மருத்துவரிடம்கூடச் சொன்னதில்லை.

தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். சன்னலோரம் போய், மேசைக்கு முதுகைக் காட்டி நின்றார். பென்சில் வெகுநேரம் நான்கின் மேலேயே நின்றது. பிறகு வலப்பக்கமாக நகர்ந்து எட்டை வட்டமிட்டது. தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின், மண் ஈரம் காயாத கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்து அழுத்தினார். வெள்ளைத் தாளில் கரிய கறை நன்றாகப் பதியும்வரை விரலை எடுக்கவில்லை.